பூனைக் குட்டியின் கண் நிறம் மாறினால் பயப்பட வேண்டுமா?



மழைக் காலம் முடிந்தால் போதும், லயத்துக்கு லயம் பூனை குட்டி போட்டுவிடும். பிறகு மருந்தகத்து வாசலில் பிள்ளைகள் கூட்டம்தான். மைலோ பெட்டியில் பழந்துணி விரித்து, அதற்குள் குட்டியை வைத்துக்கொண்டு, "டிரெசர் ஐயா, இதுக்குக் கண்ணு நீலமா இருக்கு. அம்மா குருட்டுக் குட்டின்னு சொல்றாங்க, தீம்பார்ல விட்டுட்டு வரச் சொல்றாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். இன்னொரு வீட்டில், நீலமாக இருந்த கண் பச்சையாகிவிட்டது, எவரோ எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று அடுத்த வீட்டாரோடு சண்டை. மூன்றாவது வீட்டிலோ, ஒரு கண் மட்டும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துக் கிடக்கும். "குட்டிக்குக் கண் நிறம் மாறுமாமே, அதான் சும்மா விட்டுட்டோம்" என்பார்கள்.

முதல் இரண்டு குட்டிக்கும் ஒரு நோயும் இல்லை. மூன்றாவது குட்டிதான் பார்வையை இழந்துகொண்டிருக்கிறது. நல்ல குட்டியைக் காட்டில் விடுகிறோம், நோயாளிக் குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். இந்தத் தலைகீழ் வேலையைத் தடுக்க ஒரு டார்ச் லைட்டும் கொஞ்சம் விஷயமும் இருந்தால் போதும்.

மனுஷனுக்கு மருந்து கொடுக்கிறவன் பூனையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் மிருக வைத்தியன் அல்லன். ஆனால் குட்டியைத் தூக்கிய கையோடுதான் நம் பிள்ளைகள் பசியாறுகிறார்கள். அது மட்டுமல்ல, பூனையின் கண்ணில் பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தெரிந்தவர், தம் கைக்குழந்தையின் கண்ணிலும் அதைப் பார்த்துவிடுவார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூனைக் குட்டி பிறக்கும்போது இமை ஒட்டியிருக்கும். 7 நாள் முதல் 14 நாளுக்குள் தானாகத் திறக்கும். ஒரு கண் முதலில், மறு கண் ஓரிரு நாள் கழித்து என்று திறப்பதும் உண்டு. அவசரப்பட்டு விரலால் பிரிக்கவே கூடாது. திறந்த கண் நீலமாகவும் கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். எல்லாக் குட்டிக்கும் இப்படித்தான். கறுப்புக் குட்டியோ, வரிக் குட்டியோ, கட்டை வால் குட்டியோ, வேற்றுமை கிடையாது.

இந்த நீலம் எங்கிருந்து வருகிறது? கண்ணுக்குள் நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது. கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரிவது உண்மையில் ஒரு துவாரம். அதைப் பாப்பா என்கிறோம். வெளிச்சம் உள்ளே போகும் வழி அது. அதைச் சுற்றி வளையமாக இருப்பது கருவிழித் திரை. நம் தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனின் என்னும் பொருள்தான் அந்தத் திரைக்கும் நிறம் கொடுக்கிறது. குட்டி பிறந்த புதிதில் திரையின் பின்பக்கம் மட்டுமே கறுப்பு இருக்கும். முன்பக்கத்தில் மெலனின் இன்னும் ஊறியிருக்காது. வெளிச்சம் அந்த முன்பக்கத்தில் பட்டுச் சிதறும்போது நீலம் மட்டும் அதிகமாக நம் பக்கம் திரும்பி வருகிறது. வானம் நீலமாகத் தெரிவதும் இதே மாதிரிதான். தண்ணீர் அதிகம் விட்ட பாலைக் கறுப்புப் பாத்திரத்தில் ஊற்றினால் லேசாக நீலம் அடிக்கிறதல்லவா? பால்காரரை நாம் பிடிப்பதே அதை வைத்துத்தானே!

குட்டிக்கு 4 வாரம் ஆனதும் மெலனின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற ஆரம்பிக்கும். 6, 7 வாரத்தில் நீலத்தின் ஓரத்தில் பச்சையோ மஞ்சளோ படர்வதைக் காணலாம். கொஞ்ச நாளைக்குச் சாம்பல் நிறமாக, "இது என்ன நிறம்" என்றே சொல்ல முடியாதபடி இருக்கும். 3 மாதம், சிலவற்றுக்கு 4 மாதம் ஆகும்போது நிறம் நிலைத்துவிடும். மெலனின் குறைவாக ஊறினால் பச்சை, அதிகமாக ஊறினால் மஞ்சள், இன்னும் அதிகமானால் செம்புக் காசு நிறம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் ஒன்றுக்குப் பச்சையும் ஒன்றுக்கு மஞ்சளும் வருவது சகஜம். இந்த மாற்றம் இரண்டு கண்ணிலும் சேர்ந்து வரும், வாரக் கணக்கில் மெதுவாக வரும், நீரோ சீழோ வலியோ இல்லாமல் வரும்.

இதில் ஓர் உபயோகமும் உண்டு. குட்டியின் கண் முழு நீலமாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் அதற்கு 6 வாரம்கூட ஆகவில்லை என்று அர்த்தம். அந்த வயதில் தாயிடமிருந்து பிரித்து அடுத்த தோட்டத்து உறவுக்காரருக்குக் கொடுத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். தாய்ப் பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி, தாய் கற்றுக்கொடுக்கும் பழக்கம் எல்லாம் அறுந்து போகும். 8 வாரம் வரையாவது தாயோடு விடுங்கள். நிறம் மாறத் தொடங்கட்டும், பிறகு கொடுக்கலாம்.

சில பூனைகளுக்கு மட்டும் நீலம் போகாது. சயாம் பூனை அதில் ஒன்று. உடம்பு வெளிறி, மூக்கும் காதும் காலும் வாலும் கறுத்திருக்குமே, அதுதான். அதன் உடம்பில் மெலனின் தயாரிக்கும் சரக்கு சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். அதனால் உடம்பின் ஓரங்கள் மட்டும் கறுக்கின்றன. கண் ஆயுளுக்கும் நீலமாகவே இருந்துவிடுகிறது. நம் தோட்டத்துப் பூனைகளிலும் எங்கோ சயாம் ரத்தம் கலந்து இப்படிக் குட்டிகள் பிறப்பதுண்டு. அதற்குப் பார்வை போய்விடவில்லை.

இன்னொன்று, முழு வெள்ளைப் பூனை. இதற்கு இரண்டு கண்ணும் நீலமாக இருக்கலாம், அல்லது ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். தாய்லாந்தில் காவ் மணி என்றும், துருக்கியில் வான் ஏரிப் பக்கத்தில் வான் பூனை என்றும் இத்தகைய இரு நிறக் கண் வெள்ளைப் பூனைகளைப் பெருமையாக வளர்க்கிறார்கள். நம் பக்கத்தில் ஒருவர், "ஒரு கண்ணு பகலு, ஒரு கண்ணு ராத்திரி, இது வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி வாசலில் கட்டிப்போட்டிருந்தார். ஆகும், ஆகாது என்பதெல்லாம் கண்ணில் இல்லை. அதன் காதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. ஒரு கண் மட்டும் நீலமானால், அந்தப் பக்கத்துக் காது மட்டும் கேளாமல் இருப்பதுண்டு. டார்வின் 1859-இல் எழுதிய நூலிலேயே நீலக் கண் வெள்ளைப் பூனைகளின் செவிட்டுத்தனத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கரு வளரும்போது நிறம் கொடுக்கும் அணுக்கள் முதுகுத்தண்டுப் பக்கத்தில் பிறந்து உடம்பெங்கும் நடந்து போகின்றன. தோலுக்குக் கொஞ்சம், கண்ணுக்குக் கொஞ்சம், உள் காதுக்குக் கொஞ்சம். உள் காதில் அவை இல்லையென்றால் காது வேலை செய்யாது. வெள்ளைப் பூனையில் இந்த நடை பாதியில் நின்றுவிடுகிறது. குட்டிக்கு 5, 6 வாரம் ஆனபின் அதன் முதுகுக்குப் பின்னால், காற்று அதன் மேல் படாத தூரத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள். காது திரும்பவில்லையென்றால், அது லாரியும் டிராக்டரும் வருவதைக் கேட்காத பூனை. வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், ரோட்டுப் பக்கம் விடக்கூடாது.

மனிதரிலும் இதே கதை உண்டு. கறுப்புப் பெற்றோருக்குப் பளிச்சென்ற நீலக் கண்ணோடு, சில சமயம் நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடியோடு குழந்தை பிறக்கும். இதை 1951-இல் விவரித்து எழுதிய டச்சுக் கண் மருத்துவர் வார்டன்பர்க் பேரால் இந்தக் கோளாறு அழைக்கப்படுகிறது. "அழகாக இருக்கிறது, பூனைக் கண்ணு" என்று கொஞ்சுவதோடு விடாமல், அந்தக் குழந்தையின் காதையும் உடனே பரிசோதிக்கச் செய்திடல் வேண்டும். காது கேளாத குழந்தையை 1 வயதுக்குள் கண்டுபிடிப்பதற்கும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி டார்ச் லைட்டுக்கு வருவோம். குட்டியை மடியில் வைத்து, தலையை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி: நீலம் கறுப்புத் துவாரத்தைச் சுற்றி இருக்கிறதா, அல்லது கறுப்புத் துவாரத்தின் மேலேயே மூடியிருக்கிறதா? சுற்றி இருந்து, நடுவில் பாப்பா கன்னங்கரேலென்று தெளிவாகத் தெரிந்தால் அது வெறும் நிறம். நீலமோ வெள்ளையோ பாப்பாவையும் சேர்த்துப் புகைபோல் மூடியிருந்தால், அது நிறம் அல்ல, வியாதி. இப்போதுதான் இமை திறந்த குட்டிக்கு இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி மெல்லிய மங்கல் இருக்கும், அது நாளுக்கு நாள் தெளியும். தெளியாமல் கூடிக்கொண்டே போனாலும், ஒரு கண்ணில் மட்டும் இருந்தாலும், குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் பயந்தாலும், காத்திருக்கக் கூடாது.

அப்படிக் கண்ணை மூடும் வியாதிகளில் முதலாவது பூனைச் சளிக் காய்ச்சல். ஹெர்பீஸ் இனத்து வைரஸ், கலிசி வைரஸ், கிளமிடியா ஆகிய கிருமிகள் இதற்குக் காரணம். ஒரு குட்டி தும்மும், நான்கு நாளில் எல்லாக் குட்டியும் தும்மும். கண்ணில் முதலில் நீர், பிறகு மஞ்சள் சீழ், பிறகு இமை ஒட்டிக்கொள்ளும். ஹெர்பீஸ் கிருமி கண்ணின் முன் கண்ணாடியில் புண்ணை உண்டாக்கும். புண்பட்ட கண்ணாடி நீரை உறிஞ்சி ஊதும்போது நீலம் கலந்த வெள்ளையாக மாறுகிறது. இதைத்தான் பலர் "குட்டிக்குக் கண் நிறம் மாறுது" என்று தவறாக நினைக்கிறார்கள். புண் ஆழமானால் கண்ணாடி ஓட்டையாகிவிடும். அதற்கப்புறம் கண்ணைக் காப்பாற்றுவது கடினம். ஆழமாகாமல் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நின்றுவிடலாம்.

இமை திறக்காத பச்சைக் குட்டிக்கும் இது வரும். மூடிய இமைக்குப் பின்னால் சீழ் சேர்ந்து கண் உருண்டையாக வீங்கி நிற்கும். பத்து நாளுக்குள்தானே இருக்கிறது, தானாகத் திறக்கட்டும் என்று விட்டால் உள்ளே கண் வெந்து போகும். வீக்கம் கண்ட அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

தோட்டத்துக்கே உரிய சில காரணங்களும் இருக்கின்றன. செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. அதைத் தின்ற எலியைத் தாய்ப்பூனை பிடித்துவந்து குட்டிக்குக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். கண்ணுக்குள் கசிந்தால், நீலமோ பச்சையோ சிவப்பாக மாறிவிடும். ஈறு வெளுத்துப் போவதும் மூச்சு வாங்குவதும் கூடவே இருந்தால் உயிருக்கே ஆபத்து. கே வைட்டமின் ஊசியால் காப்பாற்ற வழியுண்டு, நேரத்தோடு போனால்.

விஷம் துப்பும் நாகம் நம் நாட்டுச் செம்பனைக் காடுகளில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சீண்டப் போகும் பூனைக்கும் நாய்க்கும் கண்ணிலே துப்பிவிடும். கண் சிவந்து வீங்கி, கொஞ்ச நேரத்தில் பால் போல் வெளுக்கும். ரப்பர் ஸ்டோரில் அம்மோனியாவும் பார்மிக் அமிலமும் பட்டாலும் இப்படித்தான். இவற்றுக்கெல்லாம் முதல் மருந்து சுத்தமான தண்ணீர், நிறையத் தண்ணீர். 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிய பிறகு வைத்தியரைத் தேடிப் போங்கள். மனிதருக்கும் இதேதான், ஒரு வேறுபாடும் இல்லை.

சில மாதம் வளர்ந்து, நிறம் நிலைத்துவிட்ட பூனையின் கண் திடீரென்று மங்கிப் பழுப்பாவதும், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் சிறுத்துக் கிடப்பதும் கண்ணுக்குள் அழற்சி என்பதன் அடையாளம். பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா கிருமி (நம்மை 2020-இல் ஆட்டிவைத்தது அல்ல, இது வேறு) இளம் பூனைகளில் இதைச் செய்யும். வீட்டு வைத்தியத்தில் அடங்காது.

சரி, வைத்தியரிடம் போகும் வரை வீட்டில் என்ன செய்யலாம்? அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டு, ஆறவிடுங்கள். பஞ்சை நனைத்து, ஒட்டிய சீழை ஊறவைத்துத் துடைத்து எடுங்கள். ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சை மறு கண்ணுக்குப் போடாதீர்கள். குட்டியைச் சூடாக வைத்திருங்கள். மூக்கடைத்த குட்டி வாசனை தெரியாமல் பால் குடிக்காது, அதனால்தான் பல குட்டிகள் சாகின்றன, கண்ணால் அல்ல.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் பீய்ச்சுவது, மஞ்சள் தண்ணீர், வெங்காயச் சாறு இவையெல்லாம் வேண்டாம். இவற்றைவிட மோசமானது, வீட்டில் மிச்சம் கிடக்கும் கண் மருந்து. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது ஒரு பெயர் அந்தக் குப்பியில் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஊற்றியதும் சிவப்பு குறையும், "ஆகா, கேட்டுடுச்சு" என்று தோன்றும். உள்ளே புண் பெருத்து, கண்ணாடி உடையும். போன தீபாவளிக்குத் தாத்தாவுக்குக் கொடுத்த மருந்தைப் பேரன் பூனைக்கு ஊற்றுவதையும், பூனைக்கு ஊற்றியதைத் தங்கச்சிக்கு ஊற்றுவதையும் நான் பார்த்திருக்கிறேன். திறந்து ஒரு மாதம் ஆன கண் மருந்தை எறிந்துவிடுங்கள்.

காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அரை மாத்திரையும் வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது. ஒரே மாத்திரை வளர்ந்த பூனையைக் கொன்றுவிடும்.

குட்டிக்குக் கண் துடைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனைச் சளி நமக்கு ஒட்டாது என்றாலும் கிளமிடியா எப்போதாவது நம் கண்ணைச் சிவக்கவைக்கும். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுத் தினமும் அள்ளிவிடுங்கள். அதிலே இருக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் கெடுக்கும். வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது ஒட்டும் நிலைக்கு வரும். ஆகவே அன்றாடம் அள்ளுவதே பாதுகாப்பு. இதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் அதே கிருமி வரும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகம் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நினைத்துப் பலர் போவதில்லை. பூனையைக் காட்ட எங்கே, எந்த நாளில் வர வேண்டும் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது கண் எந்தத் தேதியில் மாறியது, ஒரு கண்ணா இரண்டு கண்ணா, குட்டி பால் குடிக்கிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது மருந்து ஊற்றியிருந்தால் அந்தக் குப்பியையும் கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இப்போது குழந்தைகளின் கண்ணுக்கு வருகிறேன். நம் குழந்தைகள் பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணோடு பிறப்பவர்கள். சாம்பல் சாயலாகப் பிறந்து முதல் வருஷத்தில் கறுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு, அது இயற்கை. பிறந்த 28 நாளுக்குள் கண்ணில் சீழ் வந்தால், "குளிப்பாட்டும்போது தண்ணி பட்டிருக்கும்" என்று விடாமல் அன்றே கொண்டுவாருங்கள். பிரசவப் பாதையில் ஒட்டிய கிருமியாக இருக்கலாம், சில நாளில் கண்ணைப் பறித்துவிடும்.

அதைவிடவும் முக்கியம், பாப்பா. குட்டிக்குச் சொன்ன அதே சோதனை. இருட்டறையில் விளக்கு வெளிச்சம் படும்போதோ, கைத்தொலைபேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போதோ, குழந்தையின் பாப்பா சிவப்பாகத் தெரிவது சரி. ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாக, பூனைக் கண் ராத்திரியில் மின்னுவதுபோல் மின்னினால், அது கண்புரையாக இருக்கலாம், அல்லது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோயாக இருக்கலாம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது. வலிக்காது, பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்குக் கண் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல சமயம் கண்ணையும் காப்பாற்றிவிடலாம். படத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் அந்தப் படத்தை அழிக்காமல் என்னிடம் கொண்டுவாருங்கள். பிரட்டு நேரமானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, கதவைத் தட்டுங்கள். அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்.